பத்மா ஆற்றுக்குப் பாலம் வந்த கதை

சித்திரை மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று எழுதித் தாருங்கோ என்று சங்கத்துப் பிள்ளைகள் கேட்டபோது, சங்கிலியனைப் பற்றியோ சோழரைப் பற்றியோதான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கினம். நான் எழுதப்போவது ஒரு பாலத்தைப் பற்றி. அதுவும் எங்கட நாட்டுப் பாலமில்லை, பங்களாதேஷில் பத்மா ஆற்றுக்கு மேலே போட்ட பாலம். ஆனால் அந்தப் பாலத்தின் வழக்கு நடந்தது நாங்கள் இருக்கிற இந்த ரொறொன்ரோவில் என்று சொன்னால் உங்களில் கனபேர் நம்ப மாட்டீர்கள்.

என்னோடு தொழிற்சாலையில் இரவுவேலை செய்தவர் ஒரு பங்களாதேஷ்காரர். நாங்கள் எல்லாரும் அவரைப் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். ஊர் பரிசால் பக்கம். 2022 ஆனி மாதம் ஒரு நாள் டான்ஃபோர்த் வீதிக் கடையில் ஒரு பெட்டி ரசகுல்லா வாங்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் குடுத்தார். "என்ன பாய், பேரப்பிள்ளை பிறந்திட்டுதோ?" என்று கேட்டேன். "இல்லை அண்ணை, பாலம் திறந்திட்டினம்" என்றார். சொல்லும்போது கண் கலங்கிப்போச்சுது. ஒரு பாலத்துக்கு ஒரு மனிசன் ஏன் அழவேணும் என்று யோசித்துத்தான் நான் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் ஆற்றைத் தெரிந்துகொள்ள வேணும். இந்தியாவில் கங்கை என்று பெயர் கொண்ட ஆறு பங்களாதேஷுக்குள் நுழைந்ததும் பத்மா ஆகிறது. பிரமபுத்திரா அங்கே ஜமுனா என்ற பெயரில் வடக்கிலிருந்து இறங்கி, கோலந்தோ என்ற இடத்துக்குக் கிட்ட பத்மாவோடு சேருகிறது. இரண்டு பேராறுகளின் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் ஓடினால் எப்படியிருக்கும்! பிறகு சந்த்பூரில் மேக்னாவோடு கலந்து கடலுக்குப் போகிறது. மாரியில் ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரியாது. ஆறு ஓரிடத்தில் கிடக்கவும் மாட்டுது. இந்த வருசம் ஊர் இருந்த இடத்தில் அடுத்த வருசம் தண்ணீர், தண்ணீர் இருந்த இடத்தில் மணல்திட்டு. 1967 முதல் 66,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தைப் பத்மா தின்றுவிட்டதாக, செய்மதிப் படங்களை வைத்து அமெரிக்காவின் நாசா கணக்கிட்டிருக்கிறது. பழைய காலத்தில் ராஜாக்களின் மாளிகைகளையும் கோயில்களையும் விழுங்கியபடியால் அந்த ஆற்றின் ஒரு பகுதிக்குக் 'கீர்த்திநாசா' என்றே பெயர். கீர்த்தியை நாசமாக்குபவள். பெயரை விளங்க எங்களுக்கு வங்காளம் படிக்கத் தேவையில்லை, பாருங்கோ.

இந்த ஆறு நாட்டை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தது. கிழக்கே தலைநகர் டாக்கா. தென்மேற்கே பரிசால், குல்னா, ஃபரித்பூர், ஜெசோர் என்று 21 மாவட்டங்கள். அங்கேயிருந்து டாக்காவுக்குப் போக ஆற்றைக் கடக்கவேணும். கடப்பதென்றால் பாதை. நாங்கள் சங்குப்பிட்டியில் 'பாதை' என்று சொல்லுவோமே, பஸ்ஸையும் லொறியையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை, அதுதான். ஆனால் அங்கே அது பெரிய கப்பல் அளவு. பெருநாள் காலத்தில் கரையில் லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் நிற்கும். மீன் அழுகும், மரக்கறி வாடும். பனிக்காலத்தில் புகார் மூடினால் இரவிரவாக எல்லாமே நின்றுவிடும்.

பத்மாவுக்கு முதல் பாலம் போட்டவன் வெள்ளைக்காரன். அது றெயில் பாலம். பக்ஷி என்ற இடத்தில் 15 பெரிய கண்களோடு கட்டி, 1915 மார்ச் 4ஆம் திகதி வைஸ்றோய் ஹார்டிஞ்சைக் கொண்டு திறந்து, அவர் பெயரையே வைத்தார்கள். பாலம் கட்டினதை விட, ஆறு பாலத்தை விட்டு விலகி ஓடாமல் இரு பக்கமும் கல்லணை போட்டுக் கட்டிவைத்ததுதான் பெரிய வேலை. 1971 டிசெம்பரில் யுத்தத்தின் கடைசி நாட்களில் விமானக்குண்டு விழுந்து அதில் ஒரு கண் உடைந்து ஆற்றுக்குள் போனது. நாடு பிறந்து ஒரு வருசம் முடியமுன்னமே, 1972 ஒக்ரோபரில், இந்தியாவின் உதவியோடு திருத்திப்போட்டார்கள். அந்த யுத்தத்தில் ஒரு கோடிச் சனம் இந்தியாவுக்கு அகதியாய்ப் போனது. பாயின் தகப்பனும் தாயும் அதில் இரண்டு பேர்.

அடுத்தது ஜமுனாப் பாலம். 1985இல் ஜெனரல் எர்ஷாத்தின் அரசாங்கம் இதற்கென்று ஒரு அதிகாரசபையை உண்டாக்கி, சனத்திடம் மேல்வரியும் தீர்வையும் அறவிடச் சட்டம் போட்டது. பாலத்தைக் கண்ணால் காணாத ஏழைச் சனமும் பாலத்துக்குக் காசு கட்டியது. அப்படிச் சேர்ந்தது 508 கோடி டக்கா. (தலைநகர் டாக்கா, காசு டக்கா. எங்கட ஆக்களுக்கு இது எப்பவும் குழப்பம்.) அது காணாது. கடைசியில் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, யப்பான் மூன்றும் ஆளுக்கு 20 கோடி அமெரிக்க டொலர் கடன் குடுக்க, மிச்சத்தை அரசாங்கம் போட்டு, 4.8 கிலோமீற்றர் நீளப் பாலம் 1998 யூன் 23ஆம் திகதி திறக்கப்பட்டது. வடக்கு இணைந்தது. தென்மேற்குச் சனம் "எங்களுக்கு எப்ப?" என்று கேட்கத் தொடங்கியது.

அதற்குப் பதிலாக 2001 யூலை 4ஆம் திகதி மாவா என்ற துறையில் பிரதமர் ஷேக் ஹசீனா ஒரு அடிக்கல் நாட்டினார். அந்த வருசமே தேர்தலில் தோற்றார். கல் கிடந்தது, பாலம் வரவில்லை. அடிக்கல்லின் கதை எங்களுக்குப் புதிதில்லைத்தானே.

யப்பான்காரர் வந்து ஆராய்ந்து மாவாவுக்கும் எதிர்க்கரையிலுள்ள ஜாஜிராவுக்கும் இடையில் போடலாம் என்றார்கள். 2007இல் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தபோது மதிப்பீடு 10,161 கோடி டக்கா. 2011இல் அது 20,507 கோடியானது. 2016இல் 28,793 கோடி. 2018இல் 30,193 கோடி, அதாவது ஏறத்தாழ 360 கோடி அமெரிக்க டொலர். பாலம் திறந்த பிறகும் 2023இல் இன்னொரு தரம் திருத்தி 32,605 கோடி ஆக்கினார்கள். எதிர்க்கட்சிகள் இதை முழுக்கக் களவு என்றன, அரசாங்கம் முழுக்க நியாயம் என்றது. இரண்டுமே அளவுக்கு மிஞ்சின பேச்சு என்பது என் அபிப்பிராயம். முதல் மதிப்பீட்டில் றெயில்பாதை இருக்கவில்லை. பிறகுதான் மேல்தட்டில் நாலுவரிசை வீதி, கீழ்த்தட்டில் றெயில் என்று மாற்றினார்கள். காணிக்கு நட்டஈடு கூடினது, டக்காவின் பெறுமதி இறங்கினது. ஆனால் மூன்று மடங்குக்கு அது மாத்திரம் காரணமா என்று கேட்டால், அதற்கு ஒருவரும் ஒழுங்கான கணக்குக் காட்டினதில்லை.

இப்போது ரொறொன்ரோவுக்கு வருவோம்.

2011 ஏப்ரல் 28ஆம் திகதி பத்மா ஆற்றின் நடுவே ஒரு பாதைக் கப்பலில் வைத்து உலக வங்கி 120 கோடி டொலர் கடனுக்குக் கையெழுத்து வைத்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி, யப்பான், இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி மூன்றும் கூடவே வந்தன. ஐந்து மாதம் போகவில்லை. பாலவேலையை மேற்பார்வை செய்கிற ஒப்பந்தத்துக்குப் போட்டியிட்ட கனடாவின் எஸ்.என்.சி. லவலின் கொம்பனி, பங்களாதேஷ் அதிகாரிகளுக்குக் கைலஞ்சம் குடுக்கத் திட்டம் போட்டதாகப் புகார் வந்தது. கனடியப் பொலிசார் ஓக்வில்லில் இருந்த அவர்களின் கந்தோரைச் சோதனை போட்டார்கள். 2012 யூன் 29ஆம் திகதி உலக வங்கி கடனை இரத்துச் செய்தது. பாலத்துக்கென்று அதுவரை அந்தக் கடனில் ஒரு சதமும் குடுபட்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கோ. பொறுப்பாயிருந்த அமைச்சரும் பதவி விலகினார்.

வழக்கு ஒன்ராறியோ உயர் நீதிமன்றத்தில் நடந்தது. அரச தரப்பின் பலமே தொலைபேசிப் பேச்சுக்களை ஒட்டுக்கேட்ட பதிவுகள். நீதிபதி நோர்டைமர், பொலிசார் அந்த ஒட்டுக்கேட்கும் அனுமதியை வாங்கினதே வதந்தியையும் ஊகத்தையும் வைத்துத்தான் என்று சொல்லி, பதிவுகளைச் சாட்சியத்திலிருந்து தள்ளினார். அதோடு வழக்குக் கிடந்துபோச்சு. 2017 பெப்ரவரியில் எதிரிகள் மூவரும் விடுதலையானார்கள். டாக்காவில் இதை 'நாங்கள் குற்றமற்றவர்கள் என்று கனடா சொல்லிவிட்டது' என்று கொண்டாடினார்கள். நீதிமன்றம் சொன்னது அதுவல்ல. குற்றத்தை நிரூபிக்கச் சாட்சியில்லை என்பதே தீர்ப்பு. அதே கொம்பனியை உலக வங்கி 2013இலேயே பத்து வருசத்துக்குத் தன் வேலைகளிலிருந்து விலக்கி வைத்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேணும். ஆனால் ஒன்று. காசு கைமாறினது என்று ஒருவரும் குற்றம் சாட்டவில்லை. குடுக்கச் சதி செய்தார்கள் என்பதுதான் புகார். அந்தச் சந்தேகத்துக்காகக் கடன் நிறுத்தப்பட, மூன்று கோடிக்குக் கிட்டவான தென்மேற்குச் சனம் பாதைத்துறையில் வரிசையில் நின்றது.

2012 யூலையில் ஹசீனா பாராளுமன்றத்தில் எழும்பி, 'எங்கட காசில் கட்டுவோம்' என்றார். 2013 தொடக்கத்தில் உலக வங்கியிடம் கேட்ட கேள்வியையும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பொருளாதாரம் படித்த கனபேர் சிரித்தார்கள். நன்கொடைக்கு வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டன. அதில் பெரிதாய் ஒன்றும் சேரவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் பாலத்துக்குச் சேர்த்த காசைப் பங்குபோடுகிற சண்டையில் ஆளுங்கட்சி மாணவர்களே தங்களுக்குள் சுட்டு ஒரு பெடியன் செத்துப்போனான். ஆகத்தான் 'சனம் குடுத்துக் கட்டின பாலம்' என்று மேடையில் சொல்லுவதைக் கேட்டு ஏமாறக்கூடாது. உண்மையில் நடந்தது இதுதான்: நிதியமைச்சு வருசாவருசம் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கி, அதைப் பாலங்கள் அதிகாரசபைக்கு ஒரு வீத வட்டியில் கடனாகக் குடுத்தது. தொகை 29,893 கோடி டக்கா. 35 வருசத்தில் 140 தவணையாகத் திருப்பிக் கட்டவேணும். எங்கேயிருந்து? பாலத்தில் அறவிடுகிற கட்டணத்திலிருந்து.

ஆனால் சீனக் கொம்பனிக்கு டக்காவில் காசு குடுக்கேலாது, டொலர் வேணும். அந்த டொலரை உள்ளூரிலுள்ள அரச வங்கியான அக்ரானி வங்கி வாங்கிக் குடுத்தது. அந்த வங்கிக்கு டொலர் எங்கேயிருந்து வந்தது? உடுப்புத் தைத்து ஏற்றுமதி செய்த பெண்பிள்ளைகளிடமிருந்தும், சவூதியிலும் மலேசியாவிலும் வெயிலில் வேலை செய்த ஆட்களிடமிருந்தும். 2012இல் மாத்திரம் வெளிநாட்டிலிருந்து பங்களாதேஷ்காரர் ஊருக்கு அனுப்பினது 1,400 கோடி டொலருக்கு மேல். பாய் மாதாமாதம் தாய்க்கு அனுப்பின நூறு டொலரும் அதுக்குள்ளேதான். "உலக வங்கி தராட்டில் என்ன, நான் தந்தன்" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மேசையில் தட்டிச் சொன்னார். அந்த நேரம் சிரித்தோம். பிறகு யோசித்தால், கணக்குப்படி அவர் சொன்னது பெரிய பிழையில்லை.

2014இல் சீனாவின் மேஜர் பிறிட்ஜ் கொம்பனிக்கு 12,133 கோடி டக்காவுக்கு ஒப்பந்தம். அந்த வருசம் ஓகஸ்ட் 4ஆம் திகதி, அதே மாவாத் துறைக்குக் கிட்ட, அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிவந்த பினாக்-6 என்ற லாஞ்சு கவிழ்ந்தது. பெருநாள் முடிந்து வேலைக்குத் திரும்பிய சனம். செத்தவர்களையும் காணாமல்போனவர்களையும் கூட்டினால் நூறு பேருக்கு மேல். லாஞ்சைக் கூடக் கண்டெடுக்க முடியவில்லை. ஆறு அப்படிப்பட்டது.

அந்த ஆற்றின் அடியில் கல்லில்லை, முழுக்க மணலும் சேறும். வெள்ளகாலத்தில் நீரோட்டம் அடிமண்ணை 60 மீற்றர் ஆழம்வரை அரித்துக்கொண்டு போகலாம் என்று கணக்கிட்டார்கள். இருபது மாடிக் கட்டிடத்தின் உயரத்துக்கு மண் போய்விட்டாலும் தூண் நிற்கவேணும்! ஆகவே 3 மீற்றர் விட்டமுள்ள உருக்குக் குழாய்களைச் சரிவாக, 120 மீற்றருக்கும் மேலான ஆழத்துக்கு அடித்து இறக்கினார்கள். இதற்கென்றே ஜெர்மனியிலிருந்து இராட்சதச் சம்மட்டிகள் வந்தன. பாதி வேலையில் 22 தூண்களின் இடத்தில் ஆழத்தில் களிமண் படை இருப்பது தெரியவந்தது. திரும்பவும் படம் வரைந்து, அந்த 22 தூணுக்கும் ஆறு குழாய்க்குப் பதில் ஏழு என்று மாற்றினார்கள். ஆற்றுக்குள் 40 தூண், மொத்தம் 262 குழாய். இதில் வருசம் ஒன்றுக்கு மேல் இழுபட்டது. பொறியியலாளர் குழுவுக்குத் தலைமை தாங்கினவர் பேராசிரியர் ஜமிலுர் ரேசா சௌத்திரி. ஜமுனாப் பாலத்திலும் இருந்தவர். 2020 ஏப்ரலில் காலமானார், முழுப் பாலத்தையும் அவர் காணவில்லை.

தூணுக்கு மேலே வைக்கிற உருக்குச் சட்டம் ஒவ்வொன்றும் 150 மீற்றர் நீளம், மூவாயிரம் தொன்னுக்கு மேல் பாரம். அதைக் கரையில் பொருத்தி, மிதக்கும் பாரந்தூக்கி ஒன்று தூக்கிக்கொண்டு ஆற்றில் போகும். 2017 செப்ரெம்பர் 30இல் முதலாவது. 2020 டிசெம்பர் 10இல் நாற்பத்தியோராவது. ஒவ்வொரு சட்டமும் ஏறும்போது தொலைக்காட்சியில் செய்தி. பாய் எங்களுக்கு "இருபத்தைஞ்சு", "முப்பது" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிச் சொல்லுவார்.

2019 யூலை மாதத்தை மாத்திரம் அவர் பேச விரும்புவதில்லை. 'பாலத்துக்கு மனிசத் தலை பலி வேணுமாம், அதுக்காகப் பிள்ளை பிடிக்கிறாங்களாம்' என்று ஒரு வதந்தி நாடெங்கும் பரவியது. எங்கட ஊரிலும் பாலம் கட்டினால் கிழவிமார் இதைத்தான் சொல்லிப் பிள்ளைகளை வீட்டுக்குள்ளே வைத்திருப்பார்கள். அங்கே அது கதையோடு நிற்கவில்லை. பிள்ளைபிடிகாரர் என்று சந்தேகித்து அப்பாவிகளைச் சனம் அடித்துக் கொன்றது. எட்டுப் பேர் அப்படிச் செத்தார்கள். டாக்காவில் பள்ளிக்கூடத்தில் தன் பிள்ளையைச் சேர்க்க விசாரிக்கப் போன ஒரு தாயும் அதில் ஒருத்தி.

அதே மாதம் கட்டால்பாரித் துறையில் இன்னொன்று நடந்தது. விபத்தில் தலையில் காயம்பட்ட ஒரு பள்ளிக்கூடப் பெடியனை அம்புலன்ஸில் டாக்காவுக்குக் கொண்டுபோக வந்தார்கள். ஒரு பெரிய அரச அதிகாரி வரவேணும் என்று பாதையை மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட நிறுத்தி வைத்திருந்தார்கள். தாய் காலில் விழுந்து கெஞ்சினாள். பாதை வெளிக்கிட்டு நடு ஆற்றில் போகும்போது பிள்ளையின் உயிர் போய்விட்டது. பாதிக் கட்டின பாலம் அங்கேயிருந்து பார்த்தால் தெரியும்.

இதை வாசித்தபோது எனக்குக் கிளாலி ஞாபகம் வந்தது. இருட்டில் வள்ளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, சத்தம்போடாமல், பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு கடந்த சனத்துக்கு ஒரு கரையும் மறுகரையும் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. சங்குப்பிட்டியில் பாலம் வந்தது 2011 தை மாதத்தில். அந்தக் கடலில் செத்தவர்களுக்கு அது பிந்திப்போச்சு.

2022 யூன் 25ஆம் திகதி பத்மாப் பாலத்தை ஹசீனா திறந்தார். தன் காருக்கு 750 டக்கா கட்டணம் கட்டிப்போட்டுத்தான் ஏறினார். அடுத்தநாள் பொதுச்சனத்துக்குத் திறந்தபோது ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் கடந்தன. ஒரு பெடியன் பாலத்துக் கைபிடியின் நட்டுகளைக் கையாலே கழற்றி வீடியோ எடுத்துப் போட்டு மறியலுக்குப் போனான். மோட்டார் சைக்கிளில் போன இருவர் விபத்தில் செத்தார்கள். மூன்றாம் நாளே மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அது 2023 ஏப்ரல் வரை நீடித்தது. கட்டணம் பாதைக்குக் கட்டினதை விட ஒன்றரை மடங்கு. முணுமுணுத்துக்கொண்டும் சனம் கட்டியது. முதல் வருசம் 798 கோடி டக்கா சேர்ந்தது. 2023 ஏப்ரலில் கடனின் முதல் இரண்டு தவணைக் காசாக 316.90 கோடியை நிதியமைச்சுக்குக் குடுத்தார்கள். கீழ்த்தட்டு றெயில் 2023 ஒக்ரோபரில் ஓடியது, 2024 டிசெம்பரில் அந்தப் பாதை ஜெசோரை எட்டியது. ஆனால் றெயில்பாதைக்குச் சீனாவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியில் பெரிய கடன். மேல்தட்டுத்தான் சொந்தக் காசு என்று பாய் பகிடியாகச் சொல்லுவார்.

பாலத்தை வைத்து வாக்குக் கேட்ட அரசாங்கம் 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி மாணவர் கிளர்ச்சியில் விழுந்தது. ஹசீனா இந்தியாவுக்குப் போனார். 2014இல் சாட்சியில்லை என்று மூடப்பட்ட அந்தப் பழைய லஞ்சக் கோப்பை டாக்காவில் ஊழல் தடுப்பு ஆணையம் மறுபடி திறந்தது.

பாய் 2023 மார்கழியில் ஊருக்குப் போய்வந்தார். முந்தி ஒரு நாள் முழுக்கப் பிடித்த பயணம், இந்தமுறை டாக்காவில் காலையில் ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்குத் தாயிடம் போய்விட்டாராம். பாலத்தைக் கடக்கப் பத்து நிமிசமும் இல்லை. "எப்படியிருந்தது?" என்று கேட்டேன்.

"மாவாவில் இறங்கிப் பொரிச்ச இலிஷ் மீன் சாப்பிடுவம் எண்டு நினைச்சன். பஸ் நிக்கேல்லை அண்ணை. கீழே பார்த்தன், பாதை வாற துறையில ஆக்களில்லை. அங்கே முட்டையும் கச்சானும் வித்த பெடியள் எங்கே போனாங்களோ தெரியேல்லை" என்றார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, பஸ் யன்னலுக்குள்ளால் எடுத்த வீடியோவைக் காட்டினார். முழுக்கப் புகார். பாலத்தின் கைபிடி மாத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "பார், புகார். முந்தியெண்டால் இண்டைக்கு நாங்கள் கரையிலதான்" என்றார்.